மூளை வருத்தம் உள்ளவருக்குச் சமைக்கும்போது: மஞ்சள், மிளகு, கறுவா எங்கே உதவும், எங்கே இடறும்

அடுப்பை மூட்டுவதற்கு முன் கிளினிக் கொப்பியை எடுத்து மேசையில் வையுங்கள். பாரிசவாதம் வந்து எழும்பியவர், பார்க்கின்சன் நடுக்கம் உள்ளவர், மறதி வருத்தம் பிடித்தவர், வலிப்புக்குக் குளிசை குடிப்பவர் என்று வீட்டில் யார் இருந்தாலும், அவருக்கு எந்தச் சரக்கை எவ்வளவு போடலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கொப்பியில் இருக்கிற குளிசைகள்தான். "மஞ்சள் மூளைக்கு நல்லதா?" என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் குடிக்கிறவருக்கு மஞ்சள் எப்படி, வலிப்புக்குப் பினைற்றோயின் குடிக்கிறவருக்கு மிளகு எப்படி என்று கேட்க வேண்டும்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். அல்சைமர் என்ற மறதி வருத்தம், பார்க்கின்சன், பாரிசவாதம், வலிப்பு ஆகிய எதையும் குணப்படுத்துவதாகவோ நிறுத்திவைப்பதாகவோ எந்தச் சமையல் சரக்கும் இன்றுவரை மனிதர்களில் நிரூபிக்கப்படவில்லை. அதற்காகச் சரக்குப் பெட்டியை மூடிவைக்கவும் தேவையில்லை. சாப்பாட்டில் மனம் போகாத நோயாளியைச் சாப்பிட வைப்பதும், கறியில் உப்பைக் குறைக்க வழிசெய்வதும் சரக்கால் முடியும். மூளைக்கு இவை இரண்டும் பெரிய உதவிகள்.

மஞ்சள்: கணக்கைப் பாருங்கள்

ஆராய்ச்சிகளில் பேசப்படுவது மஞ்சளில் உள்ள குர்குமின். நல்ல மஞ்சள்தூளில் அது நூற்றுக்கு 3 பங்கு அளவில்தான் இருக்கும். தட்டையாக எடுத்த ஒரு தேக்கரண்டித் தூள் ஏறத்தாழ 3 கிராம். அதில் குர்குமின் 90 மில்லிகிராம். ஐந்து பேருக்கான கறியில் அரைத் தேக்கரண்டி போட்டால் ஒருவருக்குக் கிடைப்பது 9 மில்லிகிராம்.

அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகள் 36 பேருக்கு 24 வாரம் நாளாந்தம் 2 கிராம் அல்லது 4 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2012இல் வெளிவந்தது: பயன் தெரியவில்லை. அந்த 2 கிராமை வெறும் தூளில் எடுக்க வேண்டுமென்றால் நாளுக்கு 65 கிராமுக்கு மேல், அதாவது இருபது தேக்கரண்டிக்கும் கூடுதலாக விழுங்க வேண்டும். ஹொங்கொங்கில் ஆறு மாதம் நடந்த சோதனையிலும் வித்தியாசம் தெரியவில்லை. மறதி வருத்தம் இல்லாத 40 பேரை வைத்துக் கலிபோர்னியாவில் செய்த சோதனை ஒன்றில் ஞாபகசக்தி கொஞ்சம் கூடியது உண்மை. 18 மாதம் அவர்களுக்குக் கொடுத்தது, உடம்பில் சேருவதற்கென்றே தயாரித்த விசேட குர்குமின். நம் வீட்டு மஞ்சள் பாலை அதோடு ஒப்பிட முடியாது. சாதாரணக் குர்குமின் குடலில் சேருவது மிகக் குறைவு. சேர்ந்ததையும் ஈரல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடும்.

ஆகவே கறிக்குப் போடுகிற அளவு யாருக்கும் போடலாம். வில்லைகளில் வரும் குர்குமின் வேறு விடயம். அது இரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடும். வோபரின் குடிக்கிறவருக்கு, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் எகிறக்கூடும், அப்படி ஏறிய சம்பவத்தை வைத்து நியூசிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் பகிரங்க எச்சரிக்கை விடுத்தார்கள். இரத்தம் கட்டியாவதைத் தடுக்க அஸ்பிரின், குளோபிடோகிரெல் குடிக்கிறவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். மிளகுச் சத்துச் சேர்த்த குர்குமின் வில்லைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் பல நாடுகளில் இருக்கிறார்கள். லண்டனிலிருந்தோ கட்டாரிலிருந்தோ மகன் அன்போடு அனுப்பிய போத்தலாக இருந்தாலும், டொக்டருக்குக் காட்டாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

பார்க்கின்சனுக்கு லெவோடோபா குடிக்கிறவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. குளிசையை மஞ்சள் பாலோடு கொடுக்கும் பழக்கம் நம் பக்கத்து வீடுகளில் இருக்கிறது. இடறுவது மஞ்சள் அல்ல, பால். பாலின் புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வழியால் உள்ளே போகப் போட்டியிடும். குளிசை வேலை செய்யப் பிந்தும், சிலவேளை செய்யாமலே போகும். குளிசையைத் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு கொடுங்கள். மஞ்சள் பாலை இரவு, குளிசை நேரம் இல்லாதபோது கொடுக்கலாம்.

மஞ்சளை வாங்குவது

மூளையைக் காக்கப்போய் மூளைக்கு நஞ்சு கொடுக்கிற ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேற்று என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பது பங்களாதேசில் பரவலாக நடந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. பிறகு அங்கே அரசு இறுக்கிப் பிடித்து அதைப் பெருமளவு ஒழித்தது. ஈயம் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெரியவர்களின் பிரஷரை ஏற்றும். நம் இலங்கையில் 2020இல் இறக்குமதி நிறுத்தப்பட்டு மஞ்சள் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது அரிசி மா கலந்த தூளும் கடத்தல் மஞ்சளும் கடைகளுக்கு வந்ததை எல்லோரும் அறிவோம்.

தூளாக வாங்காமல் காய்ந்த மஞ்சளாக வாங்குங்கள். பெயின்ற் பூசியதுபோல் பளிச்சென்ற ஒரே மஞ்சள் நிறமாக இருந்தால் விடுங்கள். நல்ல விரலி மஞ்சளின் தோல் மங்கலாக, மண் கலந்த பழுப்பாக, சுருக்கங்களோடு இருக்கும். உடைத்தால் உள்ளே கடும் செம்மஞ்சள். ஒரு துண்டைக் கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் போட்டு, கலக்காமல் பாருங்கள். போட்ட உடனே தண்ணீர் மஞ்சளாக மாறினால் வெளியே சாயம் பூசியிருக்க வாய்ப்புண்டு. இது சந்தேகத்தைக் கிளப்புகிற சோதனை மட்டும்; நிறம் இறங்கவில்லை என்பதால் ஈயம் இல்லை என்று சொல்ல முடியாது, அதை ஆய்வுகூடம்தான் சொல்லும். மா கலந்திருக்கிறதா என்று அயடீன் விட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. மஞ்சளிலேயே மாப்பொருள் இருப்பதால் சுத்தமான தூளும் நீலமாகும். அந்தச் சோதனையில் மினக்கெட வேண்டாம்.

வளவில் நட்டு எடுப்பது எல்லாவற்றிலும் திறம். கிழங்கைக் கழுவி, மூடும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஈர்க்கு இலகுவாக உள்ளே இறங்கும்வரை முக்கால் மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் அவியுங்கள். பிறகு பாயில் பரப்பி 10 முதல் 15 நாள் வெயில். வளைத்தால் வளையாமல் 'டக்' என்று முறிய வேண்டும். 5 கிலோ பச்சைக் கிழங்கு ஏறக்குறைய 1 கிலோவாக வற்றும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இது சுகமான வேலை. மாரியில் தொடங்கினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ட துண்டுகளைச் சுரண்டி எடுத்துப் பாவிக்காமல் எறிந்துவிடுங்கள்.

மிளகு: வலிப்புக் குளிசை குடிக்கிறவர் கவனிக்க

'பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்' என்பார்கள். அந்தப் பத்து மிளகின் நிறை ஏறக்குறைய அரைக் கிராம். மிளகின் காரத்துக்குக் காரணமான பைபரின் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று வைத்தாலும் அதில் 25 மில்லிகிராம் இருக்கும். இந்தியாவில் பினைற்றோயின் குடிக்கும் வலிப்பு நோயாளிகளுக்கு ஒரே ஒரு தடவை 20 மில்லிகிராம் பைபரின் கொடுத்தபோது இரத்தத்தில் மருந்தின் அளவு கூடியது. காபமஸபீன் என்ற வலிப்பு மருந்திலும் இதே கதைதான். மருந்தை உடைக்கிற ஈரல் நொதிகளைப் பைபரின் மந்தப்படுத்துகிறது. குடலில் மருந்து உறிஞ்சப்படுவதையும் கூட்டுகிறது. மஞ்சளோடு மிளகு சேர்த்தால் குர்குமின் கூடுதலாகச் சேரும் என்பதற்கும் காரணம் இதுதான். குர்குமினுக்குக் கதவைத் திறந்துவிடும் மிளகு, மருந்துகளுக்கும் சேர்த்தே திறந்துவிடுகிறது.

பினைற்றோயினுக்குப் பாதுகாப்பான எல்லை மிகவும் ஒடுக்கமானது. கொஞ்சம் கூடினாலே நடை தள்ளாடும், நாக்குக் குழறும், கண் துடிக்கும், தூக்கம் அமுக்கும். வீட்டில் உள்ளவர்கள் இதை வருத்தம் முற்றிவிட்டது என்று நினைப்பார்கள். மிளகை நிறுத்துவதல்ல இதற்கு வழி. தினமும் கறியில் போடுகிற அளவை மாற்றாமல் வைத்திருங்கள். டொக்டர் மருந்தின் அளவைப் பொருத்தியது அந்தச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான். தடிமன் வந்தது என்று ஒரு வாரம் காலையும் மாலையும் மிளகுக் கசாயம், "மூளைக்கு நல்லது" என்று மஞ்சள் மிளகுப் பால் என்றெல்லாம் திடீரெனத் தொடங்காதீர்கள். தொடங்கியிருந்து நடை தள்ளாடினால், குளிசையை நீங்களாக நிறுத்தாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். வலிப்புக் குளிசையைச் சடுதியாக விட்டால் விடாத வலிப்பு வரக்கூடும்.

கறுவாவும் மற்றவையும்

சிக்காகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் கறுவாத்தூள் கொடுத்த எலிகளில் பார்க்கின்சன் போன்ற பாதிப்புக் குறைந்தது என்று 2014இல் எழுதினார்கள். எலிகளோடு அந்தச் செய்தி முடிகிறது. நமக்குள்ள வசதி, இலங்கைக் கறுவா நம் கைக்கெட்டிய தூரத்தில் கிடைப்பது. சுருட்டுப்போல மெல்லிய பட்டைகள் பல சுற்றாக உள்ளே அடுக்கியிருக்கும், விரலால் நொறுக்கலாம். தடித்த ஒற்றைப் பட்டையாக, சுத்தியலால் உடைக்க வேண்டிய அளவுக்கு இருந்தால் அது கசியா என்ற வேறு வகைக் கறுவா. கசியாவில் கூமரின் கூடுதல். நாள்தோறும் தேக்கரண்டிக் கணக்கில் தின்றால் ஈரலுக்குக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் கறுவா வில்லைகள் பலவும் கசியாவில் செய்தவை.

குங்குமப்பூவுக்கு மட்டும் மனிதரில் செய்த சோதனை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. ஈரானில் 2010இல் வெளியான ஆய்வில், 54 அல்சைமர் நோயாளிகளில் நாளுக்கு 30 மில்லிகிராம் குங்குமப்பூச் சாறும், அல்சைமருக்குக் கொடுக்கும் டொனெபெசில் மருந்தும் 22 வாரத்தில் ஏறத்தாழ ஒரே பலனைக் காட்டின. சிறிய சோதனை, குறுகிய காலம். அதை நம்பி டொனெபெசிலை நிறுத்துவதற்கு இது போதாது. புரியாணிக்குப் போடுகிற நாலு இதழ் மருந்தும் அல்ல, தீங்கும் அல்ல.

சாதிக்காயில் மிகக் கவனம். இராவில் தூங்காமல் நடமாடும் மறதி வருத்தக்காரருக்குச் சாதிக்காயைப் பாலில் உரைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி என்று போனால் நெஞ்சு படபடக்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், குழப்பம் இரண்டு மடங்காகும். வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பது சீனியைக் குறைக்கும். சீனி வருத்தத்துக்குக் கிளிக்ளசைட், இன்சுலின் எடுக்கிறவருக்கு அது அளவுக்கு மீறிக் குறைந்தால் வியர்த்து, உளறி, ஆள் மாறிவிடுவார். புதிதாகக் குழம்புகிற எவருக்கும் முதலில் சீனியைக் குத்திப் பாருங்கள். பச்சை உள்ளியைப் பல்லுப் பல்லாக விழுங்குவது வோபரின்காரருக்கு ஆகாது. கறியில் வெந்த உள்ளி பரவாயில்லை. பூனைக்காலி விதையில் உண்மையாகவே லெவோடோபா இருக்கிறது. அதனால்தான் அதை வீட்டில் இடித்துக் கொடுக்கக் கூடாது: ஒரு கரண்டியில் எவ்வளவு என்று தெரியாமல் ஏற்கெனவே குடிக்கிற குளிசைக்கு மேல் ஏற்றுவதாகிவிடும்.

உப்பைக் குறைத்துச் சமைப்பது

பார்க்கின்சனிலும் அல்சைமரிலும் மணம் பிடிக்கும் சக்தி ஆரம்பத்திலேயே குறைந்துவிடும். பார்க்கின்சனில் நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே குறையத் தொடங்கும். அம்மா "கறி சப்பென்று இருக்கு" என்று கோப்பையைத் தள்ளுவதும், வாப்பா உப்புப் போத்தலைக் கேட்டுக்கொண்டே இருப்பதும் பிடிவாதத்தால் அல்ல. மணம் போனால் ருசியில் பெரும்பங்கு போய்விடும். அவர்களுக்கு உப்பைக் கூட்டினால் பிரஷர் ஏறும், பிரஷர் ஏறினால் அடுத்த பாரிசவாதம். 2024இல் லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மறதி வருத்தங்களில் நூற்றுக்கு 45 வரையானவை நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளோடு தொடர்புபட்டவை என்று கணக்கிட்டது. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், புகைத்தல், காது கேளாமை எல்லாம் அதில் வரும். மஞ்சள் வில்லைக்குச் செலவழிக்கும் காசைக் காது கேட்கும் கருவிக்கு வைத்தால் அதைவிடப் பெரிய பயன்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தட்டையான ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே. கருவாடு, மாசி, ஊறுகாய், பப்படம், சூப் கட்டி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பை, லொசார்ட்டன், எனலாபிரில் போன்ற பிரஷர் குளிசை குடிக்கிறவருக்கும் சிறுநீரக வருத்தக்காரருக்கும் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

உப்பைக் குறைத்த இடத்தை மணம்தான் நிரப்ப வேண்டும். அதற்கு இந்தத் தூளைத் திரித்து வையுங்கள்: மல்லி 200 கிராம், நற்சீரகம் 50 கிராம், பெருஞ்சீரகம் 50 கிராம், மிளகு 1 மேசைக்கரண்டி, வெந்தயம் 2 தேக்கரண்டி, இரண்டு அங்குலக் கறுவா, கறிவேப்பிலை இரண்டு நெட்டு, காய்ந்த மஞ்சள் ஒரு துண்டு. கொச்சிக்காயை இதில் சேர்க்காமல் மற்றவர்களுக்குத் தனியாகப் போடுங்கள். மெல்லிய நெருப்பில் ஒவ்வொன்றாக வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் மல்லி வறுபடுமுன் வெந்தயம் கருகும், கருகிய வெந்தயம் முழுத்தூளையும் கைக்கச் செய்யும். மல்லியைக் கையில் நெரித்தால் உடையும்வரை, சீரகங்களை மணம் எழும்பும்வரை, வெந்தயத்தை நிறம் இலேசாக மாறும்வரை மட்டும். நன்றாக ஆறவிட்டுத் திரியுங்கள். சூட்டோடு போத்தலில் அடைத்தால் மூடியில் வியர்த்துத் தூள் கட்டிபடும். நம் கடலோர ஈரக்காற்றில் இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

நாலு பேருக்கு மீன் கறி: முள் குறைந்த அறுக்குளா அல்லது பாரை 500 கிராம், இரண்டாம் பால் 2 கப், முதற்பால் கால் கப், சின்ன வெங்காயம் 8, உள்ளி 4 பல்லு, பச்சைக் கொச்சிக்காய் 1, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, மேலே சொன்ன தூள் 1 மேசைக்கரண்டி, ரம்பை, கறிவேப்பிலை. வெங்காயமும் உள்ளியும் தூளும் இரண்டாம் பாலில் கொதித்து வெங்காயம் வெந்த பிறகு மீனைப் போட்டு 8 முதல் 10 நிமிடம். உப்பு அரைத் தேக்கரண்டி, அதையும் கடைசியில் போடுங்கள். முதற்பால் விட்டு ஒரு கொதி, இறக்கிய பின் அரைத் தேசிக்காய்ப் புளி. தேசிக்காயைக் கொதிக்கும்போது விட்டால் கைக்கும், பால் திரையும். இறக்கும்போது மேலே அரைத் தேக்கரண்டி புதுத்தூளைத் தூவி மூடிவையுங்கள். அந்த மணம்தான் உப்பின் குறையை மறைக்கிறது. ஒரே நாளில் உப்பைப் பாதியாக்காதீர்கள். வாரம் ஒரு சிட்டிகையாகக் குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்குப் பழகிவிடும்.

விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு

சாப்பிடும்போது இருமல், தண்ணீர் குடித்த பின் ஈரமான கரகரத்த குரல், வாய்க்குள்ளேயே சோறு தங்குவது ஆகிய மூன்றும் விழுங்கும் தசை சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறிகள். இவர்களுக்குத் தூவிய மிளகுத்தூளும் கறுவாத்தூளும் சம்பலும் உதிர்ந்த பிட்டும் ஆபத்து; உலர்ந்த துகள் மூச்சுக்குழாய்க்குள் போய்ச் சளிச்சுரம் வரும். மேலே கறியில் தூவச் சொன்ன தூளை இவர்களுக்குத் தூவாமல் குழம்பிலேயே கரைத்து விடுங்கள். யப்பானில் முதியோர் இல்லத்தவர் 105 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனையில் மிளகு எண்ணெயின் வாசனையைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு நிமிடம் முகர்ந்தவர்களுக்கு விழுங்கும் அனிச்சை சுறுசுறுப்பானது. வாசனைதான், தூள் அல்ல. மிளகுத்தூளை மூக்கருகே பிடித்துத் தும்ம வைக்காதீர்கள்.

நோன்புக் கஞ்சி இவர்களுக்கு வருடம் முழுக்க ஏற்ற சாப்பாடு: அரிசி குழைய வெந்து, சீரகமும் உள்ளியும் பாலும் சேர்ந்து, கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கட்டியாக மெல்ல விழும் பதம். சோறும் தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும் கஞ்சி கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, தேக்கரண்டியால் கொஞ்சமாக, முதல் வாய் இறங்கிய பின் அடுத்தது. சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்க விடாதீர்கள். எந்தப் பதம் பொருந்தும் என்று பேச்சுச் சிகிச்சையாளரிடம் ஒரு தடவை பார்ப்பித்துக்கொள்ளுங்கள்.

எதையும் வாயில் வைக்கக் கூடாத நேரம்

முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் இஞ்சிச் சாறும் வேண்டாம், மிளகு ரசமும் வேண்டாம், அஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா இரத்தக்கசிவா என்று சீ.ரீ. ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, வருத்தம் தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்; ஆள் கடைசியாக நல்லபடி இருந்த நேரத்தை எழுதிக் கையில் வைத்திருங்கள், வைத்தியசாலையில் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று. வலிப்பு வந்தவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். இரும்பும் வெங்காயமும் தேவையில்லை, பல்லுக்கிடையில் கரண்டி வைக்கவே கூடாது. கற்பூரத்தை முகர வைப்பதும் உள்ளுக்குக் கொடுப்பதும் வேண்டாம். கற்பூரமே வலிப்பைத் தூண்டும். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் அதற்கும் 1990.

அடுத்த கிளினிக் நாளில், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையானாலும் கல்முனையானாலும் அம்பாறையானாலும், வீட்டில் கொடுக்கிற கசாயம், தூள், வில்லை, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெயர் சொன்னால் போதாது, போத்தலையே காட்டுங்கள். வோபரின் குடிக்கிறவரானால் எதையாவது புதிதாகத் தொடங்கிய திகதியையும் நிறுத்திய திகதியையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். ஐ.என்.ஆர். ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று டொக்டர் தேடும்போது அந்த இரண்டு திகதிகளும் தேவைப்படும்.